கடைசி ஐந்து நிமிடங்களை மட்டும் பார்த்தவன்

எங்கள் ஊர் மாப்பிள்ளைமார் மச்சான்மாரின் இளமையைத் தின்றுதான் குடியிருக்கிறார்கள். இதைக் கோபத்தில் சொல்லவில்லை. எந்தத் தெருவுக்கு வந்தாலும் கண்ணால் பார்க்கலாம்.

ஈரச் சீமெந்து வாசம் வந்தால் எனக்கு இன்றும் ஒரு படம்தான் ஞாபகம் வருகிறது.

எங்கள் ஊர் மருதமுனையில், கூட்டாளி ரிபாஸின் மூத்த சகோதரிக்கு, அவனுடைய ராத்தாவுக்கு, வீடு கட்டிக்கொண்டிருந்த காலம். கதவு இல்லை, ஜன்னல் இல்லை, சுவர் மட்டும் பூசியிருந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு ரிபாஸும் அஸ்கரும் நானும் சீமெந்துப் பைகளின் மேல் உட்கார்ந்து, அஸ்கரின் லெப்டொப்பில் பார்த்தோம். பறக்கிற மனிதன் ஒருவன் உலகத்தைக் காப்பாற்றுகிற படம். மூவரும் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில், ஏ.எல். படித்துக்கொண்டிருந்தோம். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆட்கள் மாறவில்லை.)

புதுப் பூச்சு வெடிக்காமல் இருக்கச் சுவருக்குத் தண்ணீர் அடிக்க வேண்டும். அது ரிபாஸின் வேலை. சண்டை சூடுபிடிக்கிற நேரம் பார்த்து எழும்புவான். நாங்கள் படத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம்... எல்லா அறைகளையும் நனைத்துவிட்டு, சாரத்தில் கையைத் துடைத்தபடி வருவான்.

"இந்தாளுக்குத் தங்கச்சிமார் இல்ல போல," என்றான் ஒரு தடவை. "இரிந்தா எங்கால பறக்கிற."

அஸ்கர் சிரித்துச் சிரித்துப் பையிலிருந்து சரிந்து விழுந்தான்.

படத்தின் முடிவில் ஒரு கட்டடம் இடிகிறது. அவன் கூரையைத் தோளில் தாங்கிக்கொண்டு நிற்கிறான். உள்ளே இருந்த சனம் ஓடித் தப்புகிறது. அவன் மட்டும் அசைய முடியாமல் நிற்க, திரை கறுப்பாகிறது.

"இனி எப்பிடி எறக்கி வெப்பான்?" என்று கேட்டேன்.

"ரெண்டாம் பாகத்துல தெரியும்," என்றான் ரிபாஸ். "அத இப்பிடிப் பார்க்க ஏலாது மச்சான். மட்டக்களப்புக்குப் போய்ப் பெரிய திரையிலதான். மூணு பேரும் ஒண்டா. ஒருத்தன் இல்லாட்டி மத்தவன் பார்க்கப்படா."

"வல்லாஹி பார்க்க மாட்டன்," என்றான் அஸ்கர்.

வெளியூர் நண்பர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டில் வந்து குடியேறுவார். அந்த வீட்டைப் பெண்ணின் வாப்பா கட்ட வேண்டும். வாப்பாவால் முடியாவிட்டால் பெண்ணின் காக்கா, அதாவது கூடப்பிறந்த அண்ணன், கட்ட வேண்டும். ரிபாஸின் வாப்பாவுக்கு நெஞ்சு வருத்தம், இதய நோய். ராத்தாவின் வீட்டோடு அவர் படுத்துவிட்டார். தங்கச்சி பஸ்லியாவின் வீடு ரிபாஸின் தலையில் வந்தது.

கட்டாருக்குப் போனான். ஒரு மோலில் உள்ள தியேட்டரில் துப்புரவு வேலை. முதல் தடவை போன் எடுத்தபோது, "ரிபாஸ், இனி எல்லாப் படமும் ஓசிதானே?" என்று அஸ்கர் சீண்டினான்.

"முடியிற நேரம் வாளியோட கதவடியில நிக்கணும்டா. கடைசி அஞ்சு நிமிசம் ஓசி."

ரெண்டாம் பாகத்தின் ட்ரெய்லர் வந்தபோது எங்கள் மூவரின் வட்ஸ்அப் குழுவே கலகலத்தது. ரிபாஸ் லீவு எடுத்துவிட்டான். பஸ்லியாவின் வீடும் முடிந்திருந்தது. கதவு போட்டாயிற்று, தரைக்கு டைல்ஸ் பதித்தாயிற்று. படம் வருகிற வாரம் அவனும் வருவதாக இருந்தது. போதாததற்கு அஸ்கருக்கே பஸ்லியாவைப் பேசினார்கள். கூட்டாளியே மாப்பிள்ளை. இதைவிட வேறு என்ன வேண்டும் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

அஸ்கரின் உம்மா வீடு பார்க்கப் போனார். டைல்ஸைப் பார்த்தார், அடுப்படிக் குசினியைப் பார்த்தார், பிறகு அண்ணாந்து பார்த்தார்.

"வீடு வடிவாத்தான் இரிக்கி. மேல்மாடி ஒண்டும் போட்டா நல்லம். நாங்க கேக்கல்ல... உங்கட புள்ளைக்குத்தானே."

எங்கள் ஊரில் கேட்பது இப்படித்தான்.

ரிபாஸ் லீவை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். மேல்மாடி முடியும்வரை வரமாட்டான்.

படம் வந்தது. அஸ்கர் வேறு கூட்டாளிமாரோடு மட்டக்களப்புக்குப் போய்ப் பார்த்தான். குழுவில் எழுதினான்: "வேற லெவல் மச்சான். கடைசியில கூரைய..."

ரிபாஸ் இடையில் எழுதினான்: "தெரியும். ஒவ்வொரு காட்சிக்கும் கடைசிய நான் பார்க்கிறன். தொடக்கம் எப்பிடி? அதச் சொல்லு."

நான் இன்னும் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன்.

நானும் யோக்கியன் இல்லை. எனக்குப் பெண் பேசிய இடத்தில் "வீடு இரிக்கா?" என்று என் உம்மா விசாரித்தபோது, பக்கத்தில் இருந்து போனை நோண்டிக்கொண்டிருந்தவன்தான்.

அன்று எங்களிடம் ஒரு லெப்டொப்பும் கதவில்லாத ஒரு வீடும் இருந்தன. ஒருவன் தண்ணீர் அடித்து முடிக்கும்வரை மற்ற இருவரும் படத்தை நிறுத்திவைத்துக் காத்திருந்தோம். இன்று ஒருவன் கட்டிக்கொண்டிருக்கிறான்... ஒருவன் பார்த்து முடித்துவிட்டான்.

நேற்று ஜும்ஆ முடிந்து வந்து, அதே குழுவில் அஸ்கருக்கு எழுதினேன்.

"அஸ்கர், மேல்மாடி வேணாம் எண்டு உங்கட உம்மாட்டச் சொல்லு. நீ வாயத் திறந்து சொல்லு. இண்டைக்கே சொல்லு."

இரண்டு குறிகளும் நீலமாகிவிட்டன. இருவருமே பார்த்திருக்கிறார்கள்.