அவருடைய கால்களுக்கு நான் வைத்த நேர்த்தி

ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவு நடைபாதையில் நின்றபடி மடு மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். "இவர் பிழைத்தால், ஆவணித் திருவிழாவுக்கு மன்னாரிலிருந்து உன் கோயிலுக்கு நடந்தே வருவார், தாயே." நடக்க வேண்டியவர் அவர், வாக்குக் கொடுத்தது நான். அந்த நேரத்தில் அது பிழையாகவே தெரியவில்லை.

என் கணவர் சூசை கடற்றொழிலாளி. அன்று காலை வலை இழுக்கும்போது இடது தோள் வலிக்கிறது என்று வந்து படுத்தார். வாய்வு என்று நினைத்து உள்ளிப்பூண்டு அவித்துக் கொடுத்தேன். வியர்வை நிற்கவில்லை, பயந்து ஓட்டோ பிடித்தேன். மாரடைப்பு. இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று அடைபட்டிருந்தது. அதற்குள் 'ஸ்டென்ட்' (குழாயைத் திறந்து வைத்திருக்கும் சிறு கம்பிவலை) வைத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டரம்மா சொன்னார்: "ஐயா, நாளுக்குப் பத்து நிமிசம் நடவுங்கோ. கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கூட்டலாம். அவசரப்படக் கூடாது."

நேர்த்தியைப் பற்றி டொக்டரம்மாவிடம் நான் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அவரிடம் மட்டும் சொன்னேன். திருவிழாவுக்கு மூன்று மாதம் இருந்தது.

எங்கள் ஊரில் ஆண்பிள்ளை ஒருவர் வேலையில்லாமல் வீதியில் நடப்பதில்லை. வாசலுக்கு வாசல் கேட்டார்கள்: "சூசையண்ணை, எங்க போறியள்?"

"இருதயத்தை மேய்க்கப் போறன்" என்பார் அவர்.

வெளியில்தான் இந்தப் பகிடி. வீட்டுக்குள் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தார். மாதாவுக்குச் சொன்ன வாக்கு என்பதே பேச்சு. பத்து நிமிடம் சில வாரத்திலேயே ஒரு மணி நேரமானது. நான் தடுக்கவில்லை. தடுத்தால் நேர்த்தி தவறிவிடும் என்று பயந்தேன். இதை எழுதவே கூசுகிறது.

ஆனி மாதம், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பலமாக வீசிய ஒரு பின்னேரம், கடற்கரையிலிருந்து உள்ளே போகும் வீதியில் நடந்திருக்கிறார். காற்று முதுகில் தள்ள, களைப்புத் தெரியாமல் வெகுதூரம் போய்விட்டார். திரும்பும்போது அதே காற்று முகத்தில். முப்பது வருடம் காற்றைப் பார்த்துத் தோணி விட்ட மனிதர், கரையில் அதை மறந்துவிட்டார். பனையடியில் நெஞ்சைப் பிடித்தபடி இருந்தவரை ஓட்டோக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்.

அஞ்சைனா (இதயத்துக்கு இரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலி) என்றார்கள். அன்றுதான் டொக்டரம்மாவிடம் நேர்த்தியைச் சொன்னேன். அவர் ஏசவில்லை.

"நீங்களும் கூட நடவுங்கோ, அம்மா. கதைச்சுக்கொண்டு நடக்கோணும். கதைக்க ஏலாமல் மூச்சு வாங்கினால் நிக்கோணும். போகேக்க காத்துக்கு எதிராப் போங்கோ, திரும்பேக்க லேசாயிருக்கும்."

வீதி நீளத்துக்குக் கதைக்க எங்கள் இருவரிடமும் அவ்வளவு கதை இல்லை. ஆகவே செபமாலை சொன்னோம். ஒவ்வொரு மணிக்கும் செபத்தின் முதற்பாதி அவர், மறுபாதி நான். நடுவில் அவர் குரல் அறுந்தால் நிற்போம். மூச்சு வந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார்.

ஆனாலும் நேர்த்தி உறுத்தியது. எங்கள் கோயிலின் பங்குச் சுவாமியிடம் போய் அழுதேன்.

"நேர்த்தி வைச்சது நீங்கள்" என்றார் அவர். "அவரின்ர கால்களை அவரைக் கேக்காமல் ஏன் பிள்ளை குடுத்தனீங்கள்? குடுத்த நீங்களே நடவுங்கோ."

நடந்தேன். ஊர்ச் சனத்தோடு மடுவுக்கு இரண்டு நாள். அவர் பஸ்ஸில் வந்து கோயில் வளவில் காத்திருந்தார். கொப்புளித்த என் கால்களை மடியில் தூக்கி வைத்து, "நீ நடந்த தூரத்துக்கு எனக்கு மூச்சு வாங்குது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் இனிக் கடலுக்குப் போகமாட்டார். நாளுக்கு முப்பது நிமிடம் நடை, அதுவும் காற்றைப் பார்த்து. உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படித் தேறி வந்தால், அவருடைய உடம்பைக் கேட்காமல் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். மாதாவுக்கும்கூட.

நேற்றுக் கோயிலில் எல்லாரோடும் சேர்ந்து செபமாலை சொன்னேன். சனம் நிற்காமல் சொல்லிப் போனது. நான் மட்டும் ஒவ்வொரு மணியிலும் பாதியில் நின்று பிந்திப்போனேன். அவர் மூச்சு வாங்கும் இடம் அது.