எட்டாம் அழைப்பு

வாசகரே, மேடையில் நான் எப்போதும் நடுவரை விளித்தே தொடங்குவேன். இன்று உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்பு வேண்டாம், நடந்ததைப் பார்த்தால் போதும்.

மாமல்லபுரத்தில் ஒரு கல்லூரிப் பட்டிமன்றம். இளைஞரைக் கெடுப்பது கைபேசியே என்பது என் கட்சி. சொந்த வீட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு எடுத்தால் அவை நம் பக்கம் சாயும் என்பது பேச்சாளர்களின் பாலபாடம். மூன்றாம் வரிசையில் என் தங்கை அமர்ந்திருந்தாள். சில வேளைகளில் யார் கூப்பிட்டாலும் கேளாமல் உறைந்துபோவாள். பிறகு எதுவும் நினைவில்லை என்பாள்.

"ஏழு முறை பெயர் சொல்லி அழைத்தேன், திரும்பவில்லை. எட்டாம் முறை கைபேசியில் அழைத்தேன்; எடுத்துவிட்டாள்! நினைவில்லையாம். அவையோரே, அது மறதியன்று, நடிப்பு!"

அரங்கம் அதிர்ந்தது. எட்டாம் அழைப்பு நடக்கவே இல்லை. கைத்தட்டலுக்காக நான் சேர்த்தது.

வென்ற கோப்பையோடு பேருந்து நிறுத்தத்துக்கு வந்தோம். வழியெல்லாம் அவள் பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது என் அருகில் அவள் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையின் நடுக்கோட்டில் நின்றிருந்தாள். இருபுறமும் வண்டிகள் பறந்தன. கடைசி வரிசைக்கும் எட்டும் என்று நான் பெருமைப்பட்ட குரலில் அவள் பெயரைக் கத்தினேன். இமைகூட அசையவில்லை.

"இன்னா அண்ணாத்த, மைக்க முழுங்கின மாதிரி கத்திகினு கீற? ஓடு, கையப் புடி!" என்றார் மாங்காய் விற்றுக்கொண்டிருந்த பெண்.

ஓடினேன். கோப்பை எங்கோ உருண்டது. அவளை இழுத்த நொடியில் ஒரு பேருந்து எங்களை உரசிக்கொண்டு போனது.

மாங்காய்க்காரர் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை அவள் கையில் வைத்து அழுத்தினார். சற்று நேரத்தில் தங்கையின் கண்கள் என்னைக் கண்டுகொண்டன.

"எப்பண்ணா வெளிய வந்தோம்? பிரைஸ் குடுத்துட்டாங்களா?"

"கடைசியா உனக்கு இன்னா ஞாபகம் இருக்கு?" என்று கேட்டேன்.

"நடிப்புன்னு சொன்ன. எல்லாரும் கை தட்டுனாங்க. அதோட சரி."

செங்கல்பட்டில் மனநல மருத்துவரிடம் சென்றோம். வலிப்பு இல்லை என்பதைப் பரிசோதனைகளால் உறுதிசெய்தபின் அவர் விளக்கினார். தாங்க முடியாத நெருக்கடியில் மனம் சிலருக்கு நிகழ்விலிருந்து தன்னைத் துண்டித்துக்கொள்ளும். அந்த நேரம் நினைவில் பதியாமலே போகலாம். விலகல் கோளாறு என்று அதற்குப் பெயர். அவள் விரும்பிச் செய்வதன்று.

"இது எப்ப ஆரம்பிச்சது?" என்று அவர் கேட்டார். நான் தொண்டையைச் செருமினேன்.

"அண்ணனையே கேளுங்க டாக்டர்," என்றாள் தங்கை. "அது சொன்னாத்தான் நம்புவாங்க. எட்டாவது வாட்டி நான் போன் எடுத்தேன்னு சொல்லுச்சு, அதையே நம்புனாங்க."

ஒத்திகை பார்க்காமல் நான் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"எட்டாவது வாட்டி நான் கூப்புடவே இல்ல டாக்டர். அது பொய்." பிறகு அவள் பக்கம் திரும்பி, அறைக்கு வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன்: "அதே காலேஜுக்குப் போயி, அதே மைக்குல, நான் சொன்னது பொய்னு சொல்லிட்டு வர்றேன். அதுக்கப்புறம் உன்னக் கேக்காம உன்னப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன்."