மேடையேறாத ரயில் பாட்டு

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே பாசஞ்சர் ரயில் நிற்கிற சின்ன ஊர் எங்களுடையது. நான் இங்கே வேலைக்கு வந்தபோது ஸ்டேஷனைச் சுற்றி வயல்தான் இருந்தது. இப்போது மனைக்கற்கள் நட்டு, புதிது புதிதாக நகர்கள் வந்துவிட்டன. காலையில் பாதி ஊர் ரயிலேறித் தஞ்சாவூர் போய்விடும், இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்பும். நான் உள்ளூர்ப் பள்ளியில் டீச்சர் என்பதால் அந்த ரயிலில் ஏற வேண்டிய வேலை எனக்கு இல்லை.

கலைவிழா யோசனை பக்கத்து வீட்டுப் பெண்ணுடையது. தஞ்சாவூரில் நர்ஸ் வேலை. லுத்தரன் குடும்பம், சிறுவயதிலிருந்தே சர்ச்சில் பாடிப் பழகியவள். பெண்கள் பெட்டியில் தன்னோடு வருகிறவர்களையும் பாட வைத்திருந்தாள். ஜவுளிக்கடைப் பெண்கள், தாலுகா ஆபீஸ் கிளார்க், கல்லூரி மாணவிகள் எல்லாரும் அதில் இருந்தார்கள். சிலர் நகர்க்காரர்கள், சிலர் கீழத்தெரு. கீழத்தெருவில் இருப்பவர்கள் முன்பு பண்ணை வேலை செய்த குடும்பங்கள். இன்று அங்கே வீட்டுக்கொரு பட்டதாரி.

“ரயில்ல ஒருத்தர் டிபன ஒருத்தர் சாப்பிடுறோம்க்கா. ஸ்டேஷன்ல எறங்குனா அவங்க அந்தப் பக்கம், இவங்க இந்தப் பக்கம். கடைத்தெருவுல பாத்தாக்கூட பேசிக்கிறதில்ல. ஊரே பாக்குற மாதிரி ஒருதடவ வரிசையா நின்னு பாடணும்” என்றாள்.

மூடிக் கிடந்த ரைஸ்மில்லின் களத்தை அதன் சொந்தக்காரர் கொடுத்தார். டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் ஆடலாம், பாடலாம் என்று நாங்கள் இருவரும் வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். இலவசம் என்றதுமே ஜனங்களுக்குச் சந்தேகம் வந்தது.

“எந்தக் கட்சிங்க?” என்று நகரில் ஒரு பெரியவர் கேட்டார்.

“கட்சி எதுவும் இல்லைங்க.”

“அப்ப மனை விக்கிறீங்களா?”

கீழத்தெருவில் ஓர் அம்மா வேறு கேள்வி கேட்டார். “எம் பொண்ணும் பாடுறா. நாங்க முன்னாடி ஒக்காரலாங்களா?”

“மொதல்ல வர்றவங்க முன்னாடிம்மா” என்றேன். அவர் என் முகத்தையே சிறிது நேரம் பார்த்தார்.

பாட்டு அந்த ரயில் பெண்களே கட்டியது. ஸ்டேஷன் பெயர்களைக் கோத்து, ஆளுக்கொரு அடி சேர்த்தது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். “ஒருநாள் எங்ககூட ஏறி வாங்கக்கா, முழுசா கேக்கலாம்” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தாளடி நெல் அறுப்பு முடிந்த ஒரு சனிக்கிழமை விழா. களம் நிறைந்துவிட்டது. கீழத்தெரு இளைஞர்கள் பறையடித்தார்கள், நகர்ப் பிள்ளைகள் ஆடினார்கள். சாயங்கால ரயிலில் வருகிறவர்களுக்காகப் பாட்டைக் கடைசியில் வைத்திருந்தோம். முன்வரிசையில் அந்தக் கீழத்தெரு அம்மா. அவருக்குப் பக்கத்து நாற்காலியில், மருமகள் பாடுவதைக் கேட்க வந்த நகர் மாமியார் ஒருவர்.

ரயில் வரும் நேரத்துக்கு என் போன் அடித்தது.

“இன்ஜின் நின்னுபோச்சுக்கா. வயக்காட்டு நடுவுல நிக்கிறோம்.”

மைக்கில் சொன்னேன். பிள்ளைகளை மறுபடி ஆடச் சொன்னேன். பறைக்காரர்கள் முகம் சுளிக்காமல் இன்னொரு முறை அடித்தார்கள். பிறகு குழந்தைகள் பசியில் அழ, கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. மைக்செட்காரருக்கு விடிந்தால் கல்யாண வீட்டு வேலை. முடிந்தமட்டும் பொறுத்தவர், “தப்பா நெனைக்காதீங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு வயரைச் சுற்ற ஆரம்பித்தார். முன்வரிசைப் பெண்கள் இருவரும் கடைசிவரை இருந்தார்கள். ஒருவர் கொண்டுவந்த முறுக்கை இன்னொருவர் வாங்கித் தின்றதைப் பார்த்தேன். அவர்களும் எழுந்து போன பிறகுதான் ரயில் வந்தது.

பெண்கள் ஸ்டேஷனிலிருந்து நேரே களத்துக்கு ஓடி வந்தார்கள். காலி நாற்காலிகளைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

“மைக் வேணாம்க்கா. சும்மாவே நின்னு பாடுறோம்” என்றாள் நர்ஸ்.

“வீட்டுல தேடுவாங்க” என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி ஏற்கெனவே திரும்பி நடந்துகொண்டிருந்தாள். அப்படியே கலைந்தார்கள், கொஞ்சம் பேர் அந்தப் பக்கமும் கொஞ்சம் பேர் இந்தப் பக்கமுமாக.

“ரயில்ல பாடிட்டோம்க்கா. மத்த பெட்டி ஆளுங்கள்லாம் எறங்கி வந்து ஜன்னலோரம் நின்னு கேட்டாங்க” என்று நர்ஸ் என்னைத் தேற்றினாள்.

கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் வேறு வேறு ஊர்க்காரர்கள். களத்தில் காத்திருந்த எங்கள் ஊர் அதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த வருஷத்துக்குள் அவள் கணவருக்கு ஓசூரில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டாள். அவள் இல்லாமல் பெண்கள் பெட்டியில் பாட்டு நின்றுபோனது. விழா மட்டும் நிற்கவில்லை. மனை விற்கும் கம்பெனி ஒன்று பெரிய மேடை போட்டு, வெளியூரிலிருந்து மெல்லிசைக் குழுவை அழைத்து வந்தது. அதற்கும் இலவச அனுமதிதான். ஜனங்கள் சந்தோஷமாகக் கேட்டார்கள், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

மறுநாள் ஓசூரிலிருந்து போன் வந்தது.

“எப்படி இருந்துச்சுக்கா?”

“நல்ல கூட்டம்.”

“நம்ம பொண்ணுங்க யாராச்சும் பாடுனாங்களா?”

“இல்லம்மா.”

பிறகு அங்கே ரொம்பக் குளிர் என்றும், பையனைப் பள்ளியில் சேர்த்துவிட்டதாகவும் சொன்னாள்.