திரும்பி வந்த விதை வெங்காயம்

யாழ்ப்பாணத்து பஸ் விடிய முதல் கொழும்பு வெள்ளவத்தையில் ஆட்களை இறக்கும். கூடவே சாக்குகளையும் இறக்கும். முருங்கைக்காய், பனங்கிழங்கு, ஒடியல் மா என்று ஊரில் இருப்பவர்கள் டிரைவரிடம் கொடுத்துவிடுவார்கள். இங்கே இருக்கும் நாங்கள் காலி வீதியில் நித்திரைக் கண்ணோடு நின்று வாங்கிக்கொள்வோம். என் அண்ணா அனுப்புவது எப்போதும் வெங்காயம்தான். உரும்பிராயில் அப்பா விட்டுப்போன தோட்டத்தை அவர்தான் செய்துகொண்டிருந்தார்.

அந்தக் கார்த்திகையிலும் ஒரு சாக்கு வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து அவிழ்த்தேன். உள்ளே இருந்தவை காய்ந்த தாளோடு பிடி பிடியாகக் கட்டிய வெங்காயங்கள். கட்டு இறுக்கமாக, ஒரே அளவாக இருந்தது. அண்ணாவின் கை.

என் கணவர் கொழும்புக்குள்ளேயே, கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். வெங்காயம் கடையில் விளைகிறது என்று நினைக்காத குறை. "உம்மட அண்ணர் இந்த முறை நல்ல சாமானாப் பாத்து அனுப்பியிருக்கிறார்" என்று சம்பலுக்கு ஒரு பிடியை அவிழ்க்கப் போனார். நான் பறித்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அது விதை வெங்காயம். அறுவடையில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, பிடியாகக் கட்டி, கொட்டிலில் கூரைக்குக் கீழே தொங்கவிடுவது. மழை விட்டதும் பிடியை அவிழ்த்து நடுவது. அதில் ஒன்றைக்கூடச் சமையலுக்கு எடுக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் தலைக்கு மேலே அத்தனை பிடி தொங்கும்போது, குழம்புக்கு வெங்காயம் இல்லையென்று அம்மா என்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அந்த வீட்டிலும் மேலே தொங்கும். அவர்களும் அதில் கை வைக்காமல் குசினிக்குள் போய் வேறு எடுத்துத் தருவார்கள். எனக்கு விதை வந்திருக்கிறது என்றால் தோட்டத்துக்கு அது தேவையில்லை என்று அர்த்தம்.

உடனே போன் எடுத்தேன். மாறிக் கட்டி அனுப்பிவிட்டாரோ என்று கேட்டேன்.

"மாறேல்லைப் பிள்ளை. சாப்பிடத்தான் அனுப்பினனான்."

"விதையை ஆரும் சாப்பிடுறதோ?"

"நடாட்டி அது விதையோ? வெங்காயம்தானே."

அதற்குப் பிறகு மழையைப் பற்றிக் கதைத்தார். கடைசியில், போனை வைக்கிறதற்கு முன், உங்கட பக்கத்து ஃபிளாட்டுகளில் செக்கியூரிட்டிக்கு ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டார். நாளைக்கு வெயில் எறிக்குமா என்று கேட்பதுபோலக் கேட்டார்.

அண்ணா சோம்பேறி இல்லை. இதை எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் கொழும்பில் ஒரு கூட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஒரு நாள் தொலைக்காட்சியில் இரசாயன உரம் இனி நாட்டுக்குள் வராது என்றார்கள். மண்ணைக் கேட்கவில்லை, தோட்டக்காரனைக் கேட்கவில்லை. அந்தப் போகத்தில் அண்ணாவின் வெங்காயம் சுண்டுவிரல் நுனியளவில் வந்தது. பிறகு உரம் வந்தது, தொடமுடியாத விலையில். பம்புக்கு எண்ணெய் இல்லாமல், கிணற்றில் தண்ணீர் இருக்கப் பயிர் வாடியது. அதையும் தாண்டி ஒரு தடவை நல்லாக விளைந்தது. கிண்டி எடுக்கிற கிழமை பார்த்து வரியைக் குறைத்து இந்திய வெங்காயத்தை இறக்கினார்கள். வாங்க வருகிறேன் என்ற வியாபாரி போனை நிறுத்திவிட்டான். வெங்காயம் முற்றத்தில் கிடந்து அழுகியது. "விலை ஏறினாக் கப்பல் வரும், இறங்கினா ஒருத்தரும் வரமாட்டினம்" என்று அப்போது சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அதே கிழமை வெள்ளவத்தைச் சந்தையில் வெங்காயம் மலிவு என்று என் பக்கத்து வீட்டுக்காரி சந்தோசமாகச் சொல்லிக்கொண்டு போனாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எரிச்சல் எனக்கு அவள்மீது இல்லை, எங்களுக்கு மலிவாகத் தருவதற்கு அண்ணாவின் முற்றத்தைப் பலியாகத் தெரிவு செய்தவர்கள்மீது. அவர்கள்தான் இப்போது ஹோட்டல் மண்டபங்களில் விவசாயத்தின் எதிர்காலம் பற்றிக் கதைக்கிறார்கள். ட்ரோன் வருமாம், ஏற்றுமதி கூடுமாம். எதிர்காலத்தில் நடுவதற்கு ஆள் இருக்குமா என்று ஒரு நாயும் கேட்பதில்லை.

நான் விடவில்லை. பிடிகளை பல்கனிக் கொடியில் தொங்கவிட்டேன். மழை விட்டதும் திருப்பி அனுப்புவது, விதை கையில் வந்தால் அவரால் நடாமல் இருக்க முடியாது. அதுதான் என் கணக்கு. உடுப்புக் காயப்போட இடமில்லை என்று கணவர் முணுமுணுத்தார். கடல் காற்று உப்பும் ஈரமும். தினமும் தடவிப் பார்த்து, மெதுத்ததைப் பொறுக்கி எறிந்தேன்.

மார்கழியில் ஒரு பின்னேரம் மிஞ்சியதைச் சாக்கில் கட்டி டிரைவரிடம் கொடுத்தேன். அண்ணாவுக்குப் போன் எடுத்து, சாக்கு வருகிறது, போய் எடுங்கோ, இந்த ஒரு போகம் மட்டும் செய்து பாருங்கோ என்று கெஞ்சினேன். ஓம் என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு டிரைவர் போன் எடுத்தார். "அக்கா, உங்கட சாக்குத் திரும்பி வருது. விடிய வந்து எடுங்கோ."

போனேன். பஸ் நின்றது. சாக்கு முதலில் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அண்ணா பின்னால் இறங்கினார். நீட்டுக் காற்சட்டை, மினுக்கிய சப்பாத்து. கலியாண வீடுகளைத் தவிர வேறெங்கும் அவரை நான் சப்பாத்தோடு பார்த்ததில்லை.

"உன்ர சாமான்" என்று சாக்கைக் கீழே வைத்தார்.

"ஓம் எண்டனீங்களே."

"எடுக்கிறன் எண்டுதானே சொன்னனான். எடுத்தனான்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "காணியைக் குத்தகைக்குக் குடுத்திட்டன், பிள்ளை. கல் அரியிறாங்களாம்."

செம்மண்ணுக்கு மேல் அச்சு வைத்துச் சீமெந்துக் கல் அரியப்போகிறார்கள். நடுவீதியில் நின்று அவரை ஏசினேன். வாயில் வந்ததெல்லாம் ஏசினேன். அவர் என்னைத் தடுக்கவில்லை. முடிந்ததும் தேத்தண்ணி குடிக்கலாமா என்று கேட்டார்.

ஹெவ்லொக் டவுனில் ஒரு ஃபிளாட்டின் கேற்றடியில் செக்கியூரிட்டி வேலை கிடைத்தது. அதை முதலே ஊரிலிருந்து பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். வேலைக்குப் போகிற நாள் மத்தியானம், நான் ஒஃபீஸுக்கு லீவு போட்டுச் சமைத்துக்கொண்டிருந்தேன். அவர் குசினிக்குள் வந்து சாக்கை அவிழ்த்தார். வெங்காயங்கள் முளைவிட்டிருந்தன. பச்சையாக, நேராக. நடுகிற நேரம் அவற்றுக்குத் தெரிந்திருந்தது. ஒரு பிடியை அவிழ்த்து, நிலத்தில் குந்தியிருந்து, முளையைக் கிள்ளிப்போட்டு ஒவ்வொன்றாக உரித்தார். விதைக்குப் பொறுக்கிய மாதிரியே நல்லதாகப் பார்த்துப் பொறுக்கினார்.

குழம்பு வைத்தேன். ருசியாக இருக்கிறது, கடை வெங்காயம் இப்படி வராது என்று கணவர் சொன்னார். அண்ணா தலையாட்டினார். இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக் கொண்டார்.

கை கழுவிவிட்டு, யூனிஃபோர்ம் சேர்ட்டைச் சுருக்கம் போக மினுக்கித் தரச் சொன்னார். மினுக்கிக் கொடுத்தேன்.