கரை வேட்டிச் சண்டையும் என் மகளின் காதுகுத்தும்

பூந்தமல்லி நேற்று முளைத்த ஊர் இல்லை. ராஜாக்கள் வந்தார்கள், நவாபு ஆட்கள் வந்தார்கள், வெள்ளைக்காரன் குதிரையோடு வந்து தங்கினான். யார் வந்து போனாலும் நாங்கள் நாற்று நட்டோம், பூ கட்டினோம், பெண் கொடுத்துப் பெண் எடுத்தோம். அப்படிப்பட்ட ஊரை இரண்டாக்க எழுபதுகளில் ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. கட்சி உடைந்துவிட்டது என்று ரேடியோ சொன்னது. மறுநாள் டீக்கடைகூட ஆளுக்கு ஒன்றாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் பழைய கட்சியிலேயே நின்றார். கரையான்சாவடியில் சைக்கிள் கடை வைத்திருந்த என் அண்ணன் புதுக் கட்சிக்குப் போனார். இருவர் வேட்டிக் கரைக்கும் ஒரு கோடுதான் வித்தியாசம். அந்தக் கோட்டுக்காகப் பொங்கலுக்குக்கூட இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து என் மகளுக்குக் காது குத்த வேண்டியிருந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்தணும். வேறு மடி செல்லாது. அண்ணன் வராவிட்டால், பிறந்த வீடே இல்லாதவள் என்று தெரு என்னைப் பேசும்.

"வரட்டும். அந்தக் கரையோட மட்டும் என் ஊட்ல கால் வெக்கக் கூடாது" என்றார் இவர்.

அண்ணனிடம் ஓடினேன். அவர் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே, "கரையில்லாத வேட்டி கட்டிகினு வர்றதுக்கு நான் இன்னா எழவு ஊட்டுக்கா வர்றேன்?" என்றார்.

"கொயந்தைக்குக் குத்தப்போறது காதுண்ணா, கட்சி இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்தார். சீர்த்தட்டோடு, கஞ்சி போட்ட கரையோடு. இவர் ஓடு ஒழுகுகிறதா என்று பார்ப்பதுபோலக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் மணையில் உட்கார்ந்தார். பத்தர் ஊசியை எடுத்ததுதான் தாமதம், என் மகள் மாமன் மடியை நனைத்துவிட்டாள், கரை உட்பட.

"ஈரத்துல குத்தக் கூடாது நைனா. வேற கட்டிகினு வா" என்றார் பத்தர்.

எங்கள் வீட்டில் இருந்த வேட்டியெல்லாம் இவருடைய கட்சி வேட்டி. புதுசாக ஒன்றை எடுத்து நீட்டினேன். அண்ணன் அதைத் தொடாமல் இவரைப் பார்த்தார்.

"கட்டு மச்சான், நல்ல நேரம் போவுது" என்றார் இவர்.

அண்ணன் கரையை உள்பக்கமாக மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். குத்தியாயிற்று.

சாயங்காலம் அண்ணன் வேட்டியைத் துவைத்து, கரை தெரியும்படி வாசல் பக்கம் காயப்போட்டேன். கொல்லையிலும் இடம் இருந்தது. இவருடைய கட்சிக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "இன்னா அண்ணாத்தே, அந்தாண்ட தாவிட்டியா?" என்றார்.

திண்ணையில் இருந்த இவர் வேட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"எம் மச்சான்துப்பா. எம் பொண்ணு பண்ண வேலை. அவ இன்னும் எந்தக் கட்சிலயும் சேரல."

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தன் வேட்டியை வாங்கிப்போக வந்து, சாப்பிட உட்கார்ந்தார். இவருடைய வேட்டி எங்கே என்று கேட்டேன். கரையான்சாவடியில் அதை வெளியே காயப்போட முடியாதாம். வீட்டுக்குள்ளேயே போட்டதில் இன்னும் காயவில்லையாம்.