யாரு இன்னும் சாப்பிடல?

ஞாயிற்றுக்கிழமை காலை போனில் எங்கள் அலுவலகத்து ஸ்னேஹாவின் பெயரைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. ஏதோ ஒரு முகாமில் மென்பொருள் படுத்துக்கொண்டது, அதற்குத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். “லீவு நாளில்கூட விடமாட்டீர்களா?” என்று இந்தியில் சிடுசிடுத்தேன். சூசை அங்கிள் ராத்திரி மாரடைப்பில் போய்விட்டார் என்று அவள் அழுதுகொண்டே சொன்னாள். அந்தச் சிடுசிடுப்புக்கு இன்னும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

எங்கள் விமான் நகர் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். அவர்களுக்கும், தூத்துக்குடியில் இருக்கும் அவருடைய சொந்தக்காரர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

சூசை அண்ணாச்சி கடற்படையில் சமையற்கூடப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் விமானப்படையில் உணவுக் கணக்குப் பார்த்தவன். முப்படைகளின் சாப்பாட்டுக்கூடங்களுக்கும் ஒரே மென்பொருள் என்று எங்கள் நிறுவனம் வேலையை எடுத்தபோது, படை வழக்கம் தெரிந்தவர்கள் என்று எங்கள் இருவரையும் சேர்த்துக்கொண்டார்கள். கடற்படைக்காரர்களுக்குத் தரையில் இருக்கும் தளமும் கப்பல்தான். அதன் வாசலைத் தாண்டினால் கரைக்குப் போவதாகப் பேச்சு. அண்ணாச்சி எங்கள் நாலாவது மாடி அலுவலகத்தையும் கப்பலாக்கிவிட்டார். டீ குடிக்கக் கிளம்பினாலும் “கரைக்குப் போயிட்டு வாரேன்” என்பார். என் பெயர் அவருக்கு நினைவிருந்ததா என்பதே சந்தேகம். “ஏ விமானம், எறங்கிச் சாப்பிட வாரும்” என்றுதான் கூப்பிடுவார்.

இந்தக் கப்பல் பேச்சால் ஒருமுறை எல்லோரும் மாட்டிக்கொண்டோம். ‘கரையில்’ என்று குறித்தவருக்கு அன்றைக்குச் சாப்பாடு கிடையாது என்பது விதி. தளம் தரையில்தானே இருக்கிறது என்று மென்பொருள் எழுதும் எங்கள் பிள்ளைகள் ஒரு கடற்படைத் தளம் முழுவதையும் ‘கரையில்’ என்று ஏற்றிவிட்டார்கள். சோதனை ஓட்டத்தில், அவ்வளவு பேருக்கும் ஒரு பிடி அரிசிகூட வேண்டாம் என்று திரை காட்டியது. “நல்ல சிக்கனம்வே! எங்க அட்மிரலுக்கே இது தோணலையே” என்று அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்தார். திட்ட வேண்டியவர் சிரித்ததால் பிள்ளைகள் தப்பித்தார்கள்.

மதியம் எல்லோரும் உட்கார்ந்ததும் மேசையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்து, “யாரு இன்னும் சாப்பிடல?” என்று கேட்பார். வராதவர்களுக்குத் தன் டப்பாவிலிருந்து எடுத்து வைத்துவிட்டுத்தான் சாப்பிடத் தொடங்குவார்.

அந்தக் கேள்வியை மென்பொருளிலும் வைக்கச் சொன்னார். எங்கள் சண்டையே அதில்தான். வேளை முடிந்ததும், யாரும் வாங்காத சாப்பாடு ‘வேஸ்ட்’ என்ற கட்டத்தில் விழும்படி நான் அமைக்கச் சொல்லியிருந்தேன். “காவல் முடிஞ்சு வாரவன் சோறு எப்படிவே வேஸ்ட் ஆவும்? ‘எடுத்து வச்சது’ன்னு ஒரு கட்டம் போடும்” என்றார். தரைப்படை சார்பில் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் யோசித்தார்கள். நான் விடவில்லை. ஆளுக்கொரு வழக்கம் என்றால் பொது மென்பொருள் எதற்கு என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “இது உங்க வீட்டு அடுப்படி இல்ல அண்ணாச்சி” என்றும் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன், ஆனால் தமிழ் தெரியாதவர்களுக்கும் புரிந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

மென்பொருள் ஓடத் தொடங்கிய சில நாட்களிலேயே, ஒரு முகாமில் காவல் முடிந்து வந்தவர்களுக்குக் கழுவிக் கவிழ்த்த அண்டாதான் இருந்தது. அவர்களுடைய சாப்பாடு எங்கள் ‘வேஸ்ட்’ கட்டத்தில் பத்திரமாக இருந்தது. அண்ணாச்சி எனக்குச் சொல்லிக் காட்டவில்லை. முகாமுக்குப் போன் போட்டு, பையன்களுக்கு முட்டையாவது பொரித்துக் கொடுங்கள் என்று இந்தியில் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தோற்றவனுக்குத்தான் வீம்பு அதிகம். அன்றிலிருந்து என் டப்பாவை என் மேசையிலேயே தனியாகத் திறந்தேன். அவரோடு பேச்சையும் விட்டேன். கடைசி வெள்ளிக்கிழமை மாலை, “விமானம், கரைக்குப் போறேன்” என்றார். வழக்கமாக “உத்தரவு கேப்டன்” என்பேன். அன்று திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை அடக்கம் முடிந்து லோஹேகாவில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி மேரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “வெள்ளிக்கெழம மீன் கொழம்பு சாப்பிட்டியளா தம்பி? உப்பு கூடிப் போச்சுன்னு சொல்லிவிட்டேனே, சொன்னாவளா?” என்றார். எங்களுக்குள் பேச்சில்லை என்பதே அக்காவுக்குத் தெரியாது. “தெனமும் கேப்பேன். விமானம் நல்லாச் சாப்பிட்டாருன்னுதான் சொல்லுவாவ” என்று அழுதார். நான் “நல்லா இருந்துச்சுக்கா” என்றேன்.

மறுநாள் அலுவலகத்தில் ஸ்னேஹா ஃபிரிட்ஜிலிருந்து ஓர் எவர்சில்வர் டப்பாவை எடுத்து வந்து, “காகா, யே ஆப்கா ஹை”, சித்தப்பா, இது உங்களுடையது என்று நீட்டினாள். நான் தனியாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகும் அவர் தினமும் என் பங்கை எடுத்து வைத்தாராம். நான் போகாததால் மாலையில் அதைத் தானே சாப்பிட்டுவிட்டு, காலி டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோவாராம். வெள்ளிக்கிழமை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார். மீன் குழம்பு பழகப் பழகத்தான் ருசி, திங்கட்கிழமை விமானம் இறங்கிவிடும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்.

சூடாக்கக்கூடத் தோன்றாமல் நின்றபடியே சாப்பிட்டேன். உப்பு கூடத்தான் இருந்தது.

அவர் கேட்ட கட்டத்தை இப்போது சேர்த்துவிட்டோம். நான் சொன்னதும் ஒருவரும் மறுக்கவில்லை; கொண்டுவந்த டீ ஆறுவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. இவ்வளவு லேசான காரியத்தைத்தான் அவருக்கு மறுத்தேன் என்பது என்னைக் குத்திக்கொண்டே இருக்கிறது. திரையில் அதற்கு வேறு பெயர். எனக்கு அது ‘எடுத்து வச்சது’தான்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த டப்பா ஒன்றுதான். கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். பிறர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பார்கள். அதில் என்ன வைத்துக் கொடுப்பது என்று தெரியாமல்தான் நாள் போகிறது. எதை வைத்தாலும், உப்பு கூடியிருந்தது என்று மேரி அக்காவிடம் சொல்லிவிட வேண்டும்.