நாலு இஞ்ச் கோதண்டம்

கண்ணை மூடிக்கொண்டு, வலக்கையின் மூன்று விரல்களைச் சேர்த்து, வலையின் ஒரு கண்ணிக்குள் விடுவார் கோதண்டம். உரசாமல் போய்வந்தால் "பரிசல ஓட்டுப்பா" என்பார். உரசினால், "இன்னாபா இது, கொசுவலையா?" என்று கேட்டுவிட்டுப் பையிலிருந்து மரச்சட்டம் ஒன்றை எடுப்பார். நாலு இஞ்சுக்குக் கோடு கிழித்த சட்டம் அது. கண்ணியை இழுத்துப் பிடித்து அதை வைத்துப் பார்ப்பார். விரல் சொன்னதைத்தான் சட்டமும் சொல்லும்.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் செலக்டராக இருந்த விரல்கள் அவை. தடவிப் பார்த்தே தோலின் கனம் சொல்ல வேண்டிய வேலை. ஓய்வு பெற்று ஊரோடு வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. முதல்முதலாக ஒடுகத்தூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், பேர்கூடக் கேட்காமல் என் கைப்பை வாரைக் கிள்ளிப் பார்த்தார். "லெதர்னு சொல்லிக் குடுத்தானா? ரெக்சின் சார்" என்றார். அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் சிநேகம். அந்தப் பையை நான் அப்புறம் வெளியே எடுக்கவில்லை.

மலையடிவாரத்து ஏரியில் மீன் பிடிக்கும் நாற்பது குடும்பங்களின் சங்கத்துக்கு இப்போது அவர்தான் தலைவர். தடைக்காலம் என்பது கடலுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். இங்கேயும் உண்டு. மழை பிடித்தால் மூன்று மாதம் யாரும் வலை இறக்கக்கூடாது. மீன் சினை விடும் காலம். ஏரி திறக்கும் நாளில் எல்லா வலையும் கரைக்கு வர வேண்டும். கண்ணி நாலு இஞ்சுக்குக் குறைந்தால் அங்கேயே, எல்லார் முன்னாலும் அறுத்துவிடுவார்கள். இந்த விதியைக் கொண்டுவந்தவரும் கோதண்டம்தான்.

"குஞ்சையெல்லாம் வாரிட்டா அடுத்த வருஷம் வெறும் தண்ணியத்தான் சார் புடிக்கணும்."

மூன்று வருடத்தில் ஆறு வலைகள் அறுபட்டன. அதில் ஒன்று பரணிதரனுடையது. ஒரு வருடம் அவன் இவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கட்லா மீன் மூன்று கிலோவுக்குக் குறையாமல் வலையில் விழ ஆரம்பித்த பிறகு பேசுகிறான்.

இந்த வருடம் திறப்பு நாளுக்கு நானும் போயிருந்தேன். கோதண்டத்தின் தங்கை ரங்கம்மாளுக்கு அது முதல் திறப்பு. புருஷன் இறந்துபோன பிறகு சங்கத்தில் அவனுடைய இடத்துக்கு வந்தவள். கைவசம் ஒரே ஒரு வலை. அதுவும் இல்லையென்றால், விட்டுவந்த நிலக்கடலை பறிக்கும் கூலிக்கே திரும்பப் போக வேண்டியதுதான்.

வரிசையில் எல்லா வலையும் வெள்ளையாகக் கிடக்க, அவளுடையது மட்டும் நல்ல காப்பி நிறத்தில் இருந்தது. உபயம், அண்ணன். வெள்ளை வலை தண்ணீருக்குள் மினுங்கி மீனை விரட்டிவிடும் என்று, பழைய தொழிற்சாலையில் தோல் பதனிடும் மரப்பட்டையைக் கேட்டு வாங்கி வந்து, டிரம்மில் கொதிக்கவைத்து ஊறப்போட்டிருக்கிறார். "தோலுக்கே ஏறுற சாயம், வலைக்கு ஏறாதா?" என்று அன்று காலையில்கூட என்னிடம் பெருமை அடித்துக்கொண்டார்.

அவள் முறை வந்தது. கோதண்டம் சிரித்தபடியே கண்ணை மூடி விரல்களை விட்டார். சிரிப்பு நின்றது. வேறொரு கண்ணியில் விட்டார். பிறகு சட்டத்தை எடுத்து நாலைந்து இடத்தில் வைத்துப் பார்த்தார்.

"கால் இஞ்ச் கம்மி" என்றார்.

"வாங்கும்போது சரியாத்தான இருந்திச்சி?" என்றாள் ரங்கம்மாள்.

"இருந்திச்சி. நான்தான் கெடுத்துட்டேன்." வலையைத் தடவிக்கொண்டே இருந்தார். "சுடுதண்ணியில தோலப் போடாதீங்கடா, சுருங்கிடும்னு முப்பது வருஷமா பசங்களத் திட்டினவன். நைலான்தானன்னு கொதிக்கக் கொதிக்கப் போட்டுட்டேன்."

பரணிதரன்தான் முதலில் வாயைத் திறந்தான். "விடுண்ணா. கால் இஞ்ச்தான. நாங்க யாரும் பாக்கல."

தன் வலையைப் பறிகொடுத்தவனே இதைச் சொன்னான். விட்டுவிடுங்கள் என்று நானும் மனதுக்குள் கெஞ்சினேன்.

"நான் பாத்துட்டனேபா" என்றார் கோதண்டம். "உன் வலை அரை இஞ்ச் கம்மி. அத நான் உட்டனா?"

இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். தோலாக இருந்தால் அந்தக் கை தடுமாறியிருக்காது. வலை தொளதொளவென்று மடியில் கிடந்தது. கத்தி வைத்த இடமெல்லாம் வழுக்கியது. இன்னொரு தடவை வைத்தார். அதுவும் வழுக்கியது. பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்த தங்கையை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டார்.

ரங்கம்மாள் கையிலிருந்த துடுப்பைப் பரிசலுக்குள் வைத்தாள். குனிந்து வலையின் மறுமுனையை எடுத்தாள். அதை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, பின்னால் நகர்ந்து, கத்தி வழுக்காத அளவுக்கு விறைப்பாக இழுத்துப் பிடித்தாள்.